டிவி வாங்கும்போது நிபுணர்கள் முரண்பட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவுக்காரர்களும் நண்பர்களும் டிவி வாங்குவதற்கு முன் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் ஐபிஎல் தொடங்கும் சமயமும் போன் ஓயாது. முன்பெல்லாம் "எந்த டிவி நல்லது?" என்று கேட்பார்கள். இப்போது கேள்வியே வேறு: "நாலு பேர் விமர்சனம் பார்த்தேன், நாலு பேரும் நாலு விதமாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?" அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒரே டிவியை ஒருவர் 'இந்த வருடத்திலேயே சிறந்தது' என்கிறார், இன்னொருவர் 'காசு வீண்' என்கிறார். இதில் ஒருவர் பொய்தானே சொல்கிறார்?

பெரும்பாலும் இல்லை. இரண்டு பேரும் தங்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். பார்த்த அறையும் பார்த்த படமும்தான் வேறு.

2024-ல் சாம்சங் எஸ்95டி என்ற ஓஎல்இடி டிவி (திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) வந்தது. வழக்கமான கண்ணாடிப் பளபளப்பை எடுத்துவிட்டுத் திரைக்கு மேட் பூச்சு கொடுத்திருந்தார்கள். வெளிச்சமான ஹாலில் வைத்துப் பார்த்தவர்கள் கொண்டாடினார்கள். எதிரே ஜன்னல் இருந்தும் திரையில் ஜன்னல் தெரியவில்லை. சினிமாப் பிரியர்கள் பலர் குறைப்பட்டார்கள். விளக்கைப் போட்டால் அந்த ஒளி திரை முழுக்கப் பரவி, கறுப்பு சாம்பல் நிறத்துக்கு வந்துவிடுகிறது என்றார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மேட் பூச்சு விழுகிற ஒளியைச் சிதறடிக்கிறது. சிதறுவதால் பிம்பம் தெரியாது. அதே சிதறலால்தான் கறுப்பும் வெளுக்கிறது.

அதனால் 'யார் சரி?' என்று தேடாதீர்கள். 'இவர் சொல்வது எந்த அறையில், எதைப் பார்க்கும்போது, எங்கே உட்கார்ந்தால் உண்மை?' என்று தேடுங்கள். அந்த மூன்றும் உங்கள் வீட்டோடு யாருக்கு ஒத்துப்போகிறதோ அவர் சொல்வதுதான் உங்களுக்கு வேண்டியது.

எங்கள் ஹால் வெளிச்சமானதா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது? ராத்திரி பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு நான் பட்ட அனுபவத்தையே சொல்கிறேன். பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுக்கு ஒரு டிவி வாங்கினேன். பிராண்டு பெயர் வேண்டாம். நான் நம்பிய விமர்சகர் 'கறுப்பு அபாரம்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் விமர்சனத்தின் நடுவில், 'பகலில் பிரதிபலிப்பு அதிகம்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் கொடுத்திருந்ததால் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

டிவியை வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் மாட்டினோம். அந்த வீட்டில் காலையில் திறந்த வாசல் கதவு சாயங்காலம் வரை சாத்தப்படாது. அம்மா பார்ப்பது மதியம் போடும் சீரியல். சீரியலில் இரவுக் காட்சி வந்தால் திரையில் தெரிவது கிரில் கம்பிகளும் தெருவில் போகிற சைக்கிளும்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதன் பேனலோ (படம் தெரியும் திரைப் பலகை) பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறிப்போகும் வகை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல ஆகிவிட்டது.

அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரு சோதனை சொல்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு, டிவி மாட்டப்போகும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். கண்ணாடியில் ஜன்னலோ வாசலோ டியூப் லைட்டோ தெரிகிறதா? தெரிந்தால், விமர்சனங்களில் 'பிரதிபலிப்பு', 'பகல் வெளிச்சம்' என்ற பகுதிகளை முதலில் படியுங்கள். கறுப்பின் ஆழம் பற்றிய புகழ்ச்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பக்கவாட்டில் நிறம் மாறுவதை ஒருவர் பெரிய குறையாகச் சொல்கிறார், இன்னொருவர் சொல்லவே இல்லை. அது முக்கியமா?

நம் வீடுகளில் மிக முக்கியம். வெளிநாட்டு விமர்சகர் பெரும்பாலும் சோபாவின் நடுவில், திரைக்கு நேராக உட்கார்ந்து பார்க்கிறார். நம் வீட்டில் தாத்தா ஈசி சேரில் ஓரமாக இருப்பார், பிள்ளைகள் தரையில் பாயில் படுத்திருப்பார்கள், அம்மா சமையலறை வாசலில் நின்றபடி பார்ப்பார். டிவியோ சுவரில் தலைக்கு மேலே இருக்கும்.

எல்இடி டிவிகளில் இரண்டு வகைப் பேனல்கள் அதிகம். விஏ பேனலில் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) ஏறத்தாழ 3000-க்கு 1 என்பதற்கு மேலே போகும், கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தால் வெளிறும். ஐபிஎஸ் பேனலில் கான்ட்ராஸ்ட் 1000-க்கு 1 அளவில் நின்றுவிடும், விளக்கை அணைத்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும், ஆனால் ஓரத்திலிருந்தும் நிறம் ஓரளவு நிற்கும். ஒருவர் கான்ட்ராஸ்டுக்கு மதிப்பெண் போடுகிறார், இன்னொருவர் கோணத்துக்குப் போடுகிறார். அந்த மதிப்பெண்கள் முரண்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஓஎல்இடியில் இந்தக் கோணப் பிரச்சினை மிகக் குறைவு, விலைதான் அதிகம்.

ஒருவர் 1000 நிட்ஸ் வெளிச்சம் என்கிறார். அதே டிவியை இன்னொருவர் அளந்து 200 என்கிறார். அளவிலேயே எப்படி இவ்வளவு வித்தியாசம்?

இரண்டும் சரியான அளவாகவே இருக்கலாம். நிட்ஸ் என்பது திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு. வெளிச்சத்தை அளக்கக் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைச் சதுரத்தைக் காட்டி, அதன் மேல் மீட்டரை வைப்பார்கள். சதுரம் திரையில் 10 சதவீத இடத்தை மட்டும் அடைத்தால், நல்ல ஓஎல்இடி 1000 நிட்ஸைத் தொடும். திரை முழுக்க வெள்ளையாக்கினால் மின்சாரமும் சூடும் அளவு மீறக் கூடாது என்று டிவி தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். அப்போது அதே டிவி 200-ஐ ஒட்டி நிற்கும். நல்ல மினி எல்இடி டிவிகள் (திரைக்குப் பின்னால் நிறையச் சின்ன விளக்குகள் உள்ளவை) திரை முழுக்க வெள்ளையிலும் பல நூறு நிட்ஸ் கொடுக்கும்.

வாழ்க்கையில் இது எப்படித் தெரியும்? இருட்டுக் காட்சியில் ஒரு அகல் விளக்கு எரிகிறது என்றால் அது சின்னச் சதுரக் கணக்கு, ஓஎல்இடி ஜொலிக்கும். வெயிலில் நடக்கும் டெஸ்ட் மேட்ச், வெள்ளைப் பின்னணியோடு வரும் செய்தி அறை என்றால் அது முழுத் திரைக் கணக்கு. பகலில் கிரிக்கெட் பார்ப்பவர் முழுத் திரை அளவைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். டிவி பெட்டியில் அச்சடிக்கும் எண் ஏறக்குறைய எப்போதும் சின்னச் சதுரத்தின் எண்.

'நிறம் இயற்கையாக இருக்கிறது' என்கிறார் ஒருவர், 'மஞ்சள் அடிக்கிறது, மங்கல்' என்கிறார் இன்னொருவர்.

பிக்சர் மோடு வேறாக இருந்திருக்கும். சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடில் வெள்ளை, ஸ்டுடியோக்கள் பயன்படுத்தும் 6500 கெல்வின் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும். ஷோரூமின் விவிட் மோடு நீலம் கலந்த வெள்ளையைக் காட்டும். நீல வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு, சரியான வெள்ளை மஞ்சளாகத்தான் தெரியும். இரண்டு மூன்று நாள் பார்த்தால் கண் பழகிவிடும். எந்த மோடில் பார்த்தேன் என்று சொல்லாத விமர்சகரின் நிறத் தீர்ப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை.

கிரிக்கெட்டுக்கு அருமை என்கிறார்கள், அதே டிவியில் சினிமா 'திக்கித் திக்கி ஓடுகிறது' என்கிறார்கள். இது எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஓஎல்இடியில் ஒரு புள்ளி நிறம் மாற ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. அதனால் பந்து பறக்கும்போது பின்னால் வால் இழுக்காது. கிரிக்கெட் பார்ப்பவருக்கு இது வரப்பிரசாதம்.

சினிமா விநாடிக்கு 24 சட்டங்கள்தான், அதாவது 24 அசையாப் படங்கள் (ஃபிரேம்). ஒவ்வொரு சட்டமும் ஏறத்தாழ 42 மில்லி விநாடி அசையாமல் நின்று, பிறகு சட்டென்று அடுத்ததற்குத் தாவுகிறது. மெதுவான எல்இடி பேனலில் ஒரு சட்டம் அடுத்ததோடு கொஞ்சம் குழைந்து வரும், தாவல் தெரியாது. வேகமான ஓஎல்இடியில் குழைவு இல்லை. கேமரா வயல்வெளியில் மெதுவாகத் திரும்பும்போது ஒவ்வொரு தாவலும் கண்ணில் படும். கிரிக்கெட்டுக்கு எது பலமோ அதுவே சினிமாவுக்குக் குறையாகத் தெரிகிறது.

இதைச் சரிசெய்ய மோஷன் ஸ்மூத்திங் என்ற வசதியைப் போட்டால், டிவி நடுவில் இல்லாத சட்டங்களைத் தானே உருவாக்கிச் செருகும். ஓட்டம் வழவழப்பாகும், ஆனால் பெரிய படமும் சீரியல் ஷூட்டிங் போலத் தெரியும். பாதி விமர்சகர்கள் அதை அணைத்துவிட்டுத்தான் சோதிக்கிறார்கள். நான் சினிமாவுக்கு அதை மிகக் குறைந்த அளவில் வைப்பேன்.

இன்னொன்று. அமெரிக்காவின் ஒளிபரப்பு விநாடிக்கு 60 என்ற கணக்கில் ஓடுகிறது, நம்முடையது 50. அங்கே அசைவுக்குக் கொடுத்த தீர்ப்பை நம் கேபிளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நாங்கள் பார்ப்பது முக்கால்வாசி நேரம் கேபிள்தான். விமர்சகர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லையே?

உண்மை, இதுதான் பெரிய ஓட்டை. அரசு கேபிளோ டிஷ்ஷோ, எச்டி பேக் போடாத வீட்டில் வருவது சாதாரண எஸ்டி ஒளிபரப்பு. அதில் ஒரு சட்டத்துக்கு அதிகபட்சம் 720 பெருக்கல் 576 புள்ளிகள். 4கே திரையில் 3840 பெருக்கல் 2160. கணக்குப் போட்டால் சரியாக 20 மடங்கு. அதாவது நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு 20 புள்ளியிலும் ஒன்றுதான் ஒளிபரப்பிலிருந்து வந்தது. மீதி 19-ஐ டிவிக்குள் இருக்கும் சிப் ஊகித்து நிரப்புகிறது. இந்த ஊகத்தில் டிவிக்கு டிவி வித்தியாசம் ஏராளம். ஒன்றில் நடிகையின் பட்டுப்புடவைக் கரை கரையாகவே தெரியும், இன்னொன்றில் அந்த இடம் மெழுகு பூசியது போல இருக்கும்.

4கே டிஸ்க் போட்டுச் சோதித்தவரின் 9 மதிப்பெண்ணில் இது எதுவுமே இல்லை. 'அப்ஸ்கேலிங்' அல்லது 'குறைந்த தரக் காட்சிகள்' என்ற தலைப்பு விமர்சனத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடையில் நீங்களே எஸ்டி சேனல் போடச் சொல்லிப் பார்க்க வேண்டியதுதான்.

வெளிநாட்டு விமர்சனத்தில் வந்த மாடலும் நம் ஊர்க் கடையில் இருப்பதும் ஒன்றுதானா?

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கலாம். சாம்சங்கின் மாடல் எண்கள் வட அமெரிக்காவில் க்யூஎன் என்றும், ஐரோப்பாவில் க்யூஇ என்றும், இந்தியாவில் க்யூஏ என்றும் தொடங்கும். அதே நிறுவனத்தின் எஸ்90டி, அளவையும் நாட்டையும் பொறுத்து இரண்டு வேறு வகை ஓஎல்இடி பேனல்களில் வந்தது. ஒரே வரிசையில் 55 அங்குலத்துக்கு ஒரு பேனலும் 43-க்கு வேறு பேனலும் வருவதும் சகஜம். 65 அங்குலத்துக்கு எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு 43 வாங்குபவர், வேறொரு டிவியை வாங்குகிறார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

விமர்சகர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார்களா?

சிலர் வாங்குகிறார்கள். அப்படி வாங்கினால் சொல்லியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வீடியோவில் விளம்பரம் செய்பவர் அதைப் பேச்சிலும் காட்சியிலும் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். இலவசமாக வந்த பொருளுக்கும் இது பொருந்தும்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, டிவி எங்கிருந்து வந்தது என்பது. நிறுவனம் அனுப்பிய பெட்டி என்றால், அது தேர்ந்தெடுத்து அனுப்பியதாக இருக்க வாய்ப்பு உண்டு. கனடாவின் ஆர்டிங்ஸ் தளம் டிவிகளைக் கடையில் தானே காசு கொடுத்து வாங்கிச் சோதிக்கிறது. அவர்களுக்கும் வாங்கும் இணைப்புகளிலிருந்து கமிஷன் வருகிறது. ஆனால் அளவுகளை விரிவாக வெளியிடுவதால், தீர்ப்பை ஒதுக்கிவிட்டு எண்களை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

எண்களிலும் கவனம் வேண்டும். 2022-ல் சாம்சங்கின் சில மாடல்கள், மீட்டருக்காகக் காட்டும் 10 சதவீத வெள்ளைச் சதுரத்தை அடையாளம் கண்டு படத்தை மாற்றிக்கொள்வதாக எச்டிடிவி டெஸ்ட் என்ற யூடியூப் சேனல் நடத்தும் வின்சென்ட் டியோவும் ஃபிளாட்பேனல்ஸ்எச்டி தளமும் எழுதியிருந்தார்கள். நிறுவனம் சாஃப்ட்வேர் அப்டேட் தருவதாக அறிவித்தது. சதுரத்தை 9 சதவீதமாக மாற்றிப் பார்த்ததில் வெளிப்பட்ட விஷயம் அது. அப்படித் தோண்டிப் பார்ப்பவர் மேல் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

ஓஎல்இடியில் சேனல் லோகோ தழும்பாகப் பதியும் என்கிறார்கள், பதியாது என்றும் சொல்கிறார்கள்.

இதற்கு நேரடியான விடை ஒன்று உண்டு. ஆர்டிங்ஸ் 2018-ல் ஒரே மாடல் ஓஎல்இடி டிவிகள் ஆறு எடுத்து, அவற்றில் வெவ்வேறு வகை நிகழ்ச்சிகளை நாளுக்கு 20 மணி நேரம் ஓட்டியது. செய்திச் சேனல் ஓடிய பெட்டிகளில் லோகோவும் கீழ்ப் பட்டையும் பதிந்தன. காட்சி மாறிக்கொண்டே இருக்கும் ஒரு துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் ஓடிய பெட்டியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆக, பதியும் என்பவர் செய்தி பார்ப்பவர், பதியாது என்பவர் படம் பார்ப்பவர். புதிய மாடல்களில் பாதுகாப்பு கூடியிருக்கிறது. இருந்தாலும் அப்பா காலையில் போட்ட தமிழ்ச் செய்திச் சேனல் ராத்திரி வரை ஓடும் வீடு என்றால், நான் ஓஎல்இடி வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆன்லைனில் வாங்கியவர்கள் போடும் நட்சத்திரங்களைப் பார்க்கலாமா?

படத்தின் தரத்துக்கு வேண்டாம். டெலிவரி நன்றாக இருந்ததற்கும் ஐந்து நட்சத்திரம், பெட்டி நசுங்கியதற்கும் ஒரு நட்சத்திரம் என்றுதான் பாதி இருக்கும். போலிகளும் உண்டு. இதற்காகவே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-ல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நிபுணர்களைவிட இவர்கள் மேல். விமர்சகர் டிவியை இரண்டு வாரம் பார்க்கிறார். வாங்கியவர் இரண்டு வருடம் பார்க்கிறார். ரிமோட் பட்டனை அழுத்தினால் மெனு வர நேரமாவது, பேனலில் கோடு விழுவது, சர்வீஸ்காரர் எத்தனை நாளில் வந்தார் என்பதெல்லாம் இவர்களிடம்தான் கிடைக்கும். ஒரு வருடம் கழித்து எழுதியவற்றை மட்டும் தேடிப் படியுங்கள். உங்கள் மாவட்டத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்பதும் அதே அளவு முக்கியம்.

பழைய விமர்சனத்தில் 'விலைக்குத் தகுந்ததல்ல' என்று இருக்கிறது. இப்போதும் அப்படியா?

விலையைச் சேர்த்துச் சொல்லும் தீர்ப்பு சீக்கிரம் கெட்டுப்போகும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 50,000 ரூபாய் உள்ள டிவி 64,000-லிருந்து 59,000-க்கு வந்துவிடும். பழைய விமர்சனத்தில் படம், ஒலி, அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். விலைத் தீர்ப்பை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்ஜெட் 25,000-தான். இவ்வளவும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். இந்த விலையில் 43 அங்குல 4கே கிடைக்கும், ஆனால் ஐந்தே முக்கால் அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் 43 அங்குலத்தில் 4கேயும் ஃபுல் எச்டியும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். எச்டிஆர் (அதிக வெளிச்சத்தையும் ஆழ்ந்த கறுப்பையும் சேர்த்துக் காட்டும் வசதி) என்று போட்டிருக்கும், அதைக் காட்டும் வெளிச்சம் திரையில் இருக்காது. அதைப் பற்றிய சண்டைகளைப் படித்து நேரத்தைச் செலவிடாதீர்கள். பக்கவாட்டுக் கோணம், கேபிள் படம், பேச்சு தெளிவாகக் கேட்கிறதா, சர்வீஸ் பக்கத்தில் இருக்கிறதா என்ற நான்கு போதும்.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

ஓடிக்கொண்டிருக்கும் டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். கிளியும் பூவும் தேன்துளியும் எல்லா டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். மோடை விவிட்டிலிருந்து சினிமாவுக்கு மாற்றச் சொல்லுங்கள். யூடியூபில் கிரிக்கெட் ஹைலைட்ஸ் போட்டு, கேமரா பச்சை மைதானத்தின் குறுக்கே பாயும்போது புல்லின் மேல் அழுக்குத் துணி இழுத்தது போலப் பட்டைகள் தெரிகிறதா என்று பாருங்கள். இது ஒரே மாடலில் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஒருவர் இருக்கிறது என்றும் இன்னொருவர் இல்லை என்றும் எழுதுவதற்கு அதுதான் காரணம். பிறகு தரையில் குந்தி ஒருமுறை, ஓரமாக நின்று ஒருமுறை பாருங்கள். சேல்ஸ்மேன் அவசரப்படுத்தினால் அவசரப்படட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அந்த மைதானச் சோதனையை முதல் நாளே மறுபடி செய்யுங்கள். மாற்றித் தரும் கெடு சில நாள்தான் இருக்கும்.

வாங்கி முடித்த பிறகு அதே மாடலைத் திட்டி ஒரு விமர்சனம் பார்த்தேன். மனசே சரியில்லை.

அவர் சொல்லும் குறை உங்கள் வீட்டில் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அந்த வீடியோவை மூடிவிடலாம். தெரிகிறது என்றால் டிவியை மாற்றுவதற்கு முன் இடத்தையும் மோடையும் மாற்றிப் பாருங்கள். பாளையங்கோட்டை டிவியை ஒரு வருடம் கழித்து வாசலுக்குப் பக்கவாட்டுச் சுவரில், நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் இறக்கி மாட்டினோம். எலக்ட்ரீஷியன் கூலியும் ஒரு நீள வயரும்தான் செலவு. அடுத்த முறை ஊருக்குப் போனபோது மதியம் இரண்டு மணிக்கு வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. அம்மா நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்திருந்தார்.